பச்சை பூத்த கனெக்டர்

"உன் கை பட்ட வண்டிதானே அது?"

ஆபரேஷன் அறையின் கதவை மூடி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த நாத்தனார், இந்தக் கோடியில் இருந்தவளின் முகத்தைப் பார்க்காமலே இதைக் கேட்டாள். உள்ளே படுத்திருந்தவன் ஒருத்திக்குத் தம்பி, இன்னொருத்திக்குப் புருஷன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

 கேள்வியில் பாதி உண்மை இருந்தது. தம்பி மனைவி கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள். கடைத்தெருவின் கடைசியில் ஒற்றை ஷட்டர் கடை; உள்ளே ஒரு வண்டி, வாசலில் ஒரு வண்டி நிற்கும். பதினாறு வருஷமாக ஒயரும் கையுமாக அங்கேயே இருந்ததில் தெருவுக்கு அவள் 'கரண்டக்கா'வாகியிருந்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாத்தனாரின் இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் கார் எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடைக்கு வந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் முன்விளக்குகளின் ஒயரிங்கையும் மாற்றிக் கொடுத்திருந்தாள். அன்று காலை அவன் தனியாக எடுத்துக்கொண்டு போன அதே கார்தான் நாற்சந்தியின் நட்டநடுவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. பின்னால் வந்த தண்ணீர் லாரி இடித்துத் தள்ள, கார் நடுச்சுவரில் மோதிக் கதவு உள்ளே அமுங்கியது.

"நான் பார்த்தது லைட்டும் ஆல்டர்னேட்டரும், அண்ணி. ஆல்டர்னேட்டர் போனா முதல்ல லைட் மங்கும்; ஓடுற வண்டி இப்படித் திடீர்னு ஆஃப் ஆகாது."

"அதை நீ சொல்லாதே."

நாத்தனார் கோர்ட்டில் தட்டச்சர். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர்களின் வாக்குமூலங்களை அடித்து அடித்து, அவளுடைய பேச்சும் பாரா பாராவாகப் பிரிந்து, முற்றுப்புள்ளியோடு வரும். அந்த முற்றுப்புள்ளிக்குப் பிறகு யாரும் வாயைத் திறப்பது அவளுக்குப் பிடிக்காது.

அடுத்த ஐந்து வாரமும் வீட்டில் அந்த முற்றுப்புள்ளிதான் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். தினமும் மத்தியானம் கோர்ட்டு இடைவேளையில் டிபன் கேரியரோடு வருவாள். அடுக்கு மூன்று இருந்தாலும் சாப்பாடு ஓர் ஆளுக்குத்தான் இருக்கும். தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசுவாள். சமையலறையில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டிய வார்த்தைகள் மட்டும் ஒரு படி சத்தமாக வரும்.

"கால் வலிக்குதா? வலிக்கும். வீட்டுலயே எலக்ட்ரீசியனை வெச்சுக்கிட்டு இப்படி ஆகணும்னு இருக்கு பாரு."

அவன் சிரித்தது மாதிரியும் இருக்கும், சிரிக்காதது மாதிரியும் இருக்கும். "விடுக்கா" என்பான். அக்கா போனபிறகு மனைவி வந்து நின்றால், "அவங்க குணம் தெரிஞ்சதுதானே, விடு" என்பான். இரண்டு பேரிடமும் 'விடு' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு பதிமூன்று வருஷம் குடும்பம் நடத்தியவன் அவன். அச்சகத்தில் பைண்டிங் வேலை. நோட்டுகளுக்கு முதுகு ஒட்டுவது, கிழிந்த புத்தகத்தைத் தைத்து உருப்படியாக்குவது. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேச மாட்டான். அதற்காகத்தான் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

நாத்தனாரின் பேச்சு வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அது வெளியே கிளம்பிவிட்டது. விபத்து நடந்த இரண்டாம் நாளே நாத்தனார் வண்டியை இழுத்துக்கொண்டு போய், நாற்சந்தி ஓரத்தில் பெரிய பட்டறை வைத்திருக்கும் மீசைக்காரரிடம் விட்டுவிட்டாள். மீசைக்காரர் இன்ஜின் வேலையில் கெட்டிக்காரர். மின்சாரம் என்றால் அவருக்குக் கொஞ்சம் அலர்ஜி. அதை ஒத்துக்கொள்ளும் ஆசாமி இல்லை. கதவைத் தட்டி நேராக்கினார், பின்பக்க நசுங்கலை எடுத்துவிட்டார். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்புதான் போயிருக்கிறது என்று புதுப் பம்ப் போட்டார். அப்போதும் ஆகவில்லை.

"ஒயரிங்கே நாசம்ங்க. கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்த்திருக்காங்க" என்று நாத்தனாரிடம் சொன்னார். அதை அவள் கோர்ட்டில் கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னாள். மீசைக்காரர் தன் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

வாடகைக்கார் ஓட்டுபவர் ஒருவர், பத்து வருஷமாகக் கரண்டக்காவைத் தவிர யாரையும் பானெட்டைத் திறக்க விடாதவர், ஒரு நாள் காலை அவள் கடையைத் தாண்டி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். அவள் ஷட்டர் அருகில்தான் நின்றிருந்தாள். அவர் ரேடியோவைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டார். அந்தக் காரில் ரேடியோவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ரிப்பேருக்குக் கழற்றிய ரேடியோ அவள் மேஜைமேல் இருந்தது.

அன்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த வண்டியை நான் பார்க்கணும்."

"எதுக்கு? இருக்கிற ஆதாரத்தையும் அழிக்கவா?"

"நீங்களும் நில்லுங்க. மீசைக்காரரும் நிக்கட்டும். உங்க ரெண்டு பேர் கண்ணு முன்னாடிதான் கை வைப்பேன்."

"நான் போன்ல வீடியோ எடுப்பேன்."

"தாராளமா எடுங்க. வெளிச்சம் பத்தலைன்னா சொல்லுங்க, லைட் நானே பிடிக்கிறேன்."

கட்டிலில் இருந்தவன் தலையணையை விட்டு எழ முயன்றான். "எதுக்கு இப்ப அதெல்லாம்? வண்டிதானே. வித்துத் தொலைச்சிட்டாப் போச்சு. விடுங்களேன்."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் "நீ சும்மா இரு", "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மீசைக்காரரின் பட்டறை முற்றத்தில் மூன்று பேரும் கூடினார்கள். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. வெள்ளைக் கார் பின்பக்கம் புதுப் பெயின்ட்டும் முன்பக்கம் பழைய பெயின்ட்டுமாக, இரண்டு வண்டியை ஒட்டிவைத்த மாதிரி நின்றது. மீசைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, சினிமா பார்க்க வந்தவர்போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வாங்க மேடம். நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவிழ்க்கிறதுதான் முறை."

அவள் தரையில் பழைய துணியை விரித்து வோல்ட் அளக்கும் மீட்டரையும் டெஸ்ட் லேம்ப்பையும் ஸ்குரூ டிரைவர்களையும் வரிசையாக வைத்தாள். நாத்தனார் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, தேதி, நேரம், இடம், வந்திருப்பவர்கள் யார் யார் என்று வாயால் சொல்லிப் பதிவைத் தொடங்கினாள்.

முதலில் தன் வேலையைத் திறந்து காட்டினாள். ஆல்டர்னேட்டர் ஒயர், விளக்குகளின் ஒயர். ஒவ்வோர் இணைப்பும் சூடு காட்டிச் சுருக்கிய கறுப்புப் பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் வழவழவென்று இருந்தது. "எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் போட்டது. இதுல எங்கயாவது டேப் தெரியுதா, அண்ணே? நான் டேப் சுத்துறதில்லை. வெயில்ல பசை உருகும், மழையில தண்ணி புகும்."

"அழகா இருந்தா மட்டும் வண்டி ஓடிடுமா?" என்றார் மீசைக்காரர்.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பின் சீட்டுக்கு அடியில் காதை வைத்துக் கேட்டாள். பம்ப்பின் ரீங்காரம் ஈனஸ்வரத்தில் வந்தது.

"பம்ப்புக்குக் கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா, அண்ணே?"

"பார்க்காம மாத்துவேனா? சாக்கெட்டைக் கழட்டி அளந்தேன். பன்னெண்டு வோல்ட் ஜம்முனு வந்துச்சு. கரண்ட் வருது, பம்ப் ஒழுங்கா ஓடலை. அப்ப பம்ப்தானே அவுட்?"

"கழட்டிட்டு அளந்தா பன்னெண்டு காட்டும். மாட்டி, ஓட விட்டு அளக்கணும்."

பம்ப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரால் பாலம் போட்டாள், பம்ப்புக்குத் தொடர்ந்து மின்சாரம் போகும்படி. பிறகு மீட்டரின் ஊசிமுனைகளைப் பம்ப்பின் சாக்கெட்டுக்குப் பின்புறம் செருகி, திரையை நாத்தனாரின் போன் பக்கம் திருப்பினாள். ஐந்து புள்ளி ஒன்று. சாக்கெட்டைக் கழற்றினாள். பன்னிரண்டு புள்ளி மூன்று. மாட்டினாள். மறுபடி ஐந்து.

"சும்மா நிக்கும்போது முழுசா இருக்கிற மாதிரி தெரியும் அண்ணி. வேலைன்னு வந்தா வண்டவாளம் வெளிய வரும். முன்னாலேர்ந்து பின்னால வர்ற வழியில எங்கயோ கெட்டுக் கிடக்குது."

"எங்க ஆபீசுல பாதிப் பேரு அப்படித்தான்" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் உதட்டை அழுத்திக்கொண்டாள்.

மீசைக்காரர் காலை இறக்கி வைத்தார். ஸ்டூலை ஓர் அடி முன்னால் நகர்த்தினார்.

அவள் டிரைவர் சீட்டுப் பக்கம் மண்டியிட்டாள். கதவோரப் பட்டையைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கியதும் ஒரு வாடை அடித்தது. ஊறிப்போன சாக்கின் வாடை. கார்பெட்டின் அடிப்பஞ்சைப் பிழிந்தாள். கலங்கல் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. தகரத்தில் ஒரு கோடு மாதிரி சேறு காய்ந்திருந்தது, கணுக்கால் உயரத்தில், ஒரே மட்டமாக.

"இது ஒழுகினது இல்லை. வண்டி தண்ணிக்குள்ள நின்னிருக்கு. எப்ப அண்ணி?"

"என் வண்டி தண்ணியில போகாது. மழை பெய்ஞ்சா எடுக்கவே கூடாதுன்னு அவன்கிட்ட கண்டிஷனா சொல்லியிருக்கேன்."

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நாத்தனார் ஓட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். காலையில் தம்பி அவளைக் கோர்ட்டில் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவான். நடுவில் வண்டி அவனிடம் இருக்கும்.

கார்பெட்டுக்கு அடியில், ஓரமாகப் போகும் ஒயர்க்கட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். சீட்டுக்கு முன்னால் ஒரு கனெக்டர் இருக்க வேண்டும், முன்பக்க ஒயரும் பின்பக்க ஒயரும் சேருகிற இடம். இருந்தது. ஆனால் கனெக்டராகத் தெரியவில்லை. இன்சுலேஷன் டேப்பைத் தாறுமாறாகச் சுற்றி, கட்டை விரல் புண்ணுக்குக் கட்டுப்போட்டதுபோல் உருண்டையாக இருந்தது.

"ஆஹா" என்றார் மீசைக்காரர். "டேப் சுத்துறதில்லைன்னாங்க!"

"இது என் வேலை இல்லை."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க, மேடம்."

"பேசாம இருங்க" என்றாள் நாத்தனார். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

அவள் டேப்பின் நுனியைத் தேடிப்பிடித்துச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மூன்று சுற்றுக்குப் பிறகு கறுப்பு முடிந்து சிவப்பு வந்தது. துணி. விரலகலப் பட்டையாகக் கத்தரித்து, ஓரம் பிசிராமல் மடித்து, பசை தடவி ஒட்டிய சிவப்புத் துணி. இரண்டு விளிம்பும் ஒரு நூலிழை கூட விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருந்தன. காரில் யாரும் போடாத துணி. கணக்கு நோட்டுகளின் முதுகில் ஒட்டுகிற துணி.

அவள் கை நின்றது. நாத்தனார் குனிந்து துணியைப் பார்த்தாள். நாத்தனார் வீட்டு அலமாரியில் பழைய டைரிகள், அகராதி, குடும்பப் போட்டோ ஆல்பம் எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்புத் துணியில்தான் முதுகு. எல்லாம் அதே சுத்தம், அதே மடிப்பு.

மிச்சத்தையும் அவிழ்த்தாள். துணி இவ்வளவு நாளும் ஈரத்தைப் பொத்திப் பிடித்து வைத்திருந்தது. கனெக்டரின் இரண்டு பாதிகளையும் பிரிக்க முடியவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பியதும் பொடிப்பொடியாகப் பச்சைக் களிம்பு உதிர்ந்தது. உள்ளே ஆறு பின்கள். நான்கு பச்சை பூத்திருந்தன. ஐந்தாவது பாதி கரைந்திருந்தது. பம்ப்புக்குப் போகிற ஆறாவது பின் இருந்த இடத்தில் பழுப்பாக உருகிய பிளாஸ்டிக்கும், தலைமுடி கனத்துக்கு ஒரு செப்புத் துணுக்கும்தான் இருந்தன. இத்தனை நாள் மொத்த வண்டியும் அந்த முடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கனெக்டரை ஒயரோடு வெட்டியெடுத்து எழுந்து, நாத்தனாரின் போனுக்கு முன்னால் நீட்டினாள்.

"நல்லாப் பதியுதா, அண்ணி?"

நாத்தனார் பதிவை நிறுத்தினாள்.

மீசைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு வேலைங்க இது?"

"உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பினாள். "நீ அப்பவே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கணும். எட்டு மாசத்துக்கு முன்னாடியே."

"அப்ப இது காய்ஞ்சு கிடந்திருக்கும். தண்ணி நிக்கிற மாதிரி மழை வந்தது மூணு மாசத்துக்கு முன்னாடிதான்."

"இருந்தாலும்."

அந்த 'இருந்தாலும்' அவளுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கனெக்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவன் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வருவதைப் பார்த்ததுமே பேப்பரை மடித்துவிட்டான். அவன் மடியில் கனெக்டரை வைத்தாள். கூடவே அந்தச் சிவப்புத் துணியையும்.

அவன் துணியின் மடிப்பை விரலால் தடவினான்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி" என்று தொடங்கினான். "அந்தப் பெரிய மழை அன்னிக்கு. கோர்ட்டுல உன்னை விட்டுட்டு வந்தேன்ல அக்கா. சுத்திப் போனா லேட்டாகும்னு ரயில் பாலத்துக்கு அடியில விட்டுட்டேன். நடுவுல நின்னுபோச்சு. தள்ளித்தான் வெளிய எடுத்தாங்க. உள்ளயெல்லாம் தண்ணி."

"அதனாலதான் சென்ட் பாட்டில் வாங்கித் தொங்கவிட்டியா? வண்டி வாசமா இருக்கட்டும்னு?" என்றாள் நாத்தனார்.

"நாத்தம் அடிச்சுது. நீ கேப்பியேன்னு..."

"அப்புறம்?" என்றாள் மனைவி.

"அப்புறம் அப்பப்ப ஆஃப் ஆச்சு. மூணு தடவை. பெட்ரோல் பங்க்குல ஒருத்தன் கார்பெட்டுக்கு அடியில கையை விட்டு ஒயரை ஆட்டினான், ஓடுச்சு. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தான். நான்தான் ஆடாம இருக்கட்டும்னு இறுக்கிக் கட்டினேன். ஒரு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு."

"நான் எங்க இருந்தேன்? கடைத்தெருவுலதானே இருந்தேன்? வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா அரை நாள் வேலை."

"உன்கிட்ட கொண்டாந்தா நீ கார்பெட்டைத் தூக்குவே. தண்ணி பூந்தது தெரியும். நீ அக்காகிட்ட சொல்லுவே. அக்கா என்னைக் கேக்கும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. எதுக்கு வீண் சண்டைன்னுதான்..."

"சரி. வண்டி இடிச்சதுக்கப்புறம்?"

அவன் பேப்பரை எடுக்கக் கையை நீட்டினான். அவள் விடவில்லை.

"ஆஸ்பத்திரியில, உன் கை பட்ட வண்டிதானேன்னு கேட்டப்ப நீ உள்ள இருந்தே, சரி. தினம் மத்தியானம் இந்த நாற்காலியில உக்காந்து கேட்டாங்களே. அப்பல்லாம் நீ எங்க போயிருந்தே?"

நீங்க என்பது நீயாகிவிட்டதை மூன்று பேருமே கவனித்தார்கள். அவள் திருத்திக்கொள்ளவில்லை.

"ரெண்டு நாள்ல அடங்கிடும்னு நினைச்சேன். அடங்கலை. அப்புறம் நாள் போகப் போக, எப்படிச் சொல்றதுன்னு..."

"அஞ்சு வாரம். என் கடைக்கு வந்துக்கிட்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் குனிஞ்சுக்கிட்டுப் போறான். நான் வந்து உன்கிட்டதான் அழுதேன். விடுன்னு சொன்னே. கேட்டுக்கிட்டு, சாப்பிட்டுட்டு, படுத்திருந்தே."

"ஏம்மா, கால் ஒடைஞ்சு கிடக்கிறவன்கிட்ட இப்படியா பேசுறது?" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"நீங்க பேசாதீங்க! நீங்க பேசினதெல்லாம் போதும். கையில போன் இருக்கில்ல? இதைப் பதிவு பண்ணுங்க. இவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அடிச்சு, கையெழுத்து வாங்கி, மீசைக்காரர் பட்டறை வாசல்ல ஒட்டுங்க."

நாத்தனாரின் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது மாதிரியும் சிரிக்காதது மாதிரியும் இருந்தான். இந்த ஐந்து வாரமும் சாப்பாட்டோடு சேர்த்துத் தான் பரிமாறிய வார்த்தைகளையெல்லாம் இதே முகத்தோடுதான் விழுங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்னைப் பார்க்காதேடா" என்றாள். கேரியரை எடுக்காமலே கிளம்பிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மனைவி ஒரு தட்டில் போட்டு, கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். பேச்சு வார்த்தை 'மாத்திரை போட்டாச்சா' என்பதோடு சரி.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், இழுவை வண்டியொன்று கடைத்தெருவுக்குள் வந்தது. பின்னால் கயிறு கட்டிய வெள்ளைக் கார். இழுவை வண்டியின் முன் சீட்டில், கைப்பையை மடியில் வைத்து, விறைப்பாக நாத்தனார். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். வண்டியை வாசலில் அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"வேலையைப் பாரு."

"மீசைக்காரர்கிட்டயே பார்க்கச் சொல்றதுதானே?"

"அவனுக்கு அஞ்சுக்கும் பன்னெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை. எனக்கு வண்டி ஓடணும். பார்க்க முடியுமா, முடியாதா?"

அவள் கார்பெட் முழுவதையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டாள். நாத்தனார் கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கரண்டக்கா உட்கார ஸ்டூல் இல்லாமல் போனது.

கனெக்டரை வெட்டியெடுத்த இடத்தில் இருபுற ஒயர்களையும் வெளியே இழுத்தாள். ஒயரின் நுனியைச் சீவினாள். உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு விரல் நீளம் வெட்டினாள், அப்போதும் கறுப்பு. ஒரு சாண் வெட்டிய பிறகுதான் புதுச் செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"அவ்வளவு நீளம் வெட்டணுமா?" என்றாள் நாத்தனார்.

"கறுப்பு தெரியிறவரைக்கும் வெட்டணும். நடுவுல நிறுத்தினா திரும்பப் பிடிக்கும்."

வெட்டிய இடத்துக்குப் புது ஒயர் கொடுத்து, ஒவ்வொரு பின்னையும் ஒயர் நுனியோடு நெரித்துக் கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, தண்ணீர் புகாத புதுக் கனெக்டருக்குள் ஒவ்வொன்றாகச் செருகினாள். 'டிக்' என்ற சத்தம் ஆறு தடவை கேட்டது. கொஞ்சம் கிரீஸ் வைத்து மூடினாள். தண்ணீர் மட்டம் தொட்டிருக்கக்கூடிய மற்ற நான்கு கனெக்டர்களையும் திறந்தாள். இரண்டைத் துடைத்தாலே போதுமாக இருந்தது. இரண்டை மாற்றினாள். மதியத்துக்குள் பம்ப்பை ஓடவிட்டு அளந்தாள். பதினொன்று புள்ளி எட்டு. சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது.

கடைத்தெரு அந்த நேரத்தில் நன்றாக விழித்திருந்தது. எதிர்ப் பக்கம் டயர்க்கடைக்காரர் டயரை உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரேடியோ இல்லாத வாடகைக்காரும் எங்கிருந்தோ வந்து ஓரமாக நின்றிருந்தது.

நாத்தனார் எழுந்து சாவிக்குக் கை நீட்டினாள். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன இது?"

"ஊரெல்லாம் பேசினீங்க. இங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"வண்டியை உன்கிட்ட கொண்டாந்து நிறுத்தினேனே, அதுலயே தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. இவங்களுக்குத் தெரியணும்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

நாத்தனார் சிறிது நேரம் அவளை முறைத்தாள். அவளும் கண்ணை எடுக்கவில்லை. எண்ணெய்க் கை, சிவந்த கண், சட்டைப் பைக்குள் சாவி. கடைசியில் நாத்தனார் தெருவின் பக்கம் திரும்பினாள். கோர்ட்டில் வாசித்துக் காட்டுகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வண்டி நின்னதுக்கு இவ வேலை காரணம் இல்லை. வண்டியைத் தண்ணியில விட்டது என் தம்பி. மறைச்சதும் என் தம்பி. விசாரிக்காம இவமேல பழி போட்டது நான்."

 டயர்க்கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

"போதுமா?" என்றாள் நாத்தனார்.

"போதும்."

நாத்தனார் சாவியை வாங்கிக்கொண்டாள். "என்னை உனக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும். எனக்கும் உன்னை இன்னும் பிடிக்கலை."

"சரி, அண்ணி."

நாத்தனார் டிரைவர் சீட்டில் ஏறினாள். கண் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. தம்பிக்கு வண்டி வேண்டுமே என்றுதான் இத்தனை நாள் ஓட்டாமல் இருந்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்னால் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள். வாடகைக்கார்க்காரர் இறங்கி வந்து, "அக்கா, என் ரேடியோ..." என்று இழுத்தார்.

"நாளைக்கு வாங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்கு யாருக்கும் முகம் கொடுக்கப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவன் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினான். அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகப் பேச்செடுத்தான்.

"அக்கா காலையில தனியாத்தான் ஓட்டிக்கிட்டுப் போகுது. அந்த வழியில என்னை இறக்கிவிட்டா... நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்."

"எனக்கு என்ன? வேணும்னா நீங்களே கேளுங்க."

"நான் கேட்டா என்ன சொல்லும்னு தெரியலையே."

"எனக்கும் தெரியலை. கேளுங்க."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அறையில் அவன் குரல் கேட்டது. "அக்கா, நான்தான் பேசுறேன்." அதன்பிறகு அக்கா அந்தப் பக்கம் எதையோ பாரா பாராவாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவன் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. 'விடுக்கா' என்றுகூடச் சொல்லவில்லை. அவள் குழாயைத் திறந்து பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.

கதவருகில் வந்து நின்றான்.

"முடியாதுங்குது" என்றான்.

"சரி. முதல் பஸ் ஆறு நாப்பதுக்கு" என்றாள், திரும்பாமல்.